கண்ணும் கருத்தும்: இணையப் பற்றைக் குறித்து ஒரு விசாரம்

ஐம்பொறிகள் பல உயிர்களுக்கும் உண்டு. ஆயினும் பொறிவழியே புகுந்த ஒன்றைப் பற்றிக்கொண்டு, மற்றெல்லாவற்றையும் மறந்து, அதனிடத்திலேயே குடியிருந்துவிடும் வல்லமை மனிதனிடம் காணப்படும் அளவுக்கு வேறெங்கும் காணப்படுவதில்லை. கல்வியும் கலையும் பக்தியும் இவ்வல்லமையால் விளைந்தவையே. சூதும் கள்ளும் மனிதனை ஆட்கொள்வதும் இதே வல்லமையின் வழியாகத்தான். ஆகவே பற்று என்பதனை ஒரேயடியாகப் பழித்துவிடவும் இயலாது, புகழ்ந்துவிடவும் இயலாது. அது எதன்மேல் சென்றது, அங்கே சென்றபின் அம்மனிதன் என்ன ஆனான் என்பதே கேட்கத்தக்க கேள்வி.

குருபரம்பரை நூல்கள் கூறும் ஒரு வரலாறு வைணவ அன்பர் யாவரும் அறிந்ததே. எம்பெருமானார் திருவரங்கத்தில் எழுந்தருளியிருந்த காலத்தில் உறையூரில் வில்லி என்னும் மல்லர் ஒருவர் வாழ்ந்தார். மனைவி பொன்னாச்சியின் கண்ணழகில் அவர் கொண்டிருந்த ஈடுபாடு ஊரார் நகைக்கும் அளவுக்கு இருந்தது. உத்ஸவக் கூட்டம் நிறைந்த வீதியில், சுற்றியுள்ளோர் எவரையும் பொருட்படுத்தாமல், அவ்வம்மையின் முகத்தில் வெயில் படாதபடி குடை பிடித்துக்கொண்டு, அக்கண்களையே பார்த்தவண்ணம் அவர் சென்றார். கண்டவர்கள் நகைத்தார்கள். எம்பெருமானாரோ நகைக்கவில்லை, கடிந்துகொள்ளவும் இல்லை. அவரை அழைத்துக் காரணம் கேட்டார். இக்கண்களின் அழகுக்கு ஈடு உலகில் இல்லை என்று வில்லி ஒளிவுமறைவின்றிச் சொன்னார். இவற்றினும் அழகிய கண்களைக் காட்டினால் அவற்றுக்கு ஆட்படுவீரோ என்று உடையவர் வினவினார். ஆட்படுவேன் என்று விடை வந்தது. பெரிய பெருமாளின் திருக்கண்களை அன்று கண்டவர் பிள்ளை உறங்காவில்லி தாஸர் ஆனார்.

இவ்வரலாறு பெருமாளின் கண்ணழகைச் சொல்வதற்காகவே பெரும்பாலும் எடுத்துரைக்கப்படும். அது தக்கதே. ஆனால் இதனுள் ஒரு சிகிச்சை முறையும் அடங்கியிருக்கிறது. குடையைப் பிடுங்கி எறியும்படி ஆசார்யர் சொல்லவில்லை. வீதியில் பெண்ணின் முகம் பார்த்து நடப்பது இழிவு என்று உபதேசிக்கவில்லை. ஒருவன் இத்தனை பேருக்கு நடுவில் தன்னை மறந்து ஒன்றைப் பார்க்க வல்லவன் என்றால், அப்பார்வை வீணாகப் போகத் தக்கதன்று என்பதை மட்டும் அவர் கண்டுகொண்டார்.

இன்று அக்குடை வேறொரு பொருளுக்குப் பிடிக்கப்படுகிறது. உள்ளங்கை அகலமே உள்ள கைப்பேசித் திரையில் வெயில் பட்டால் எழுத்துத் தெரியாது என்பதனால், ஒரு கையால் அதற்கு நிழல் செய்துகொண்டு, எதிரே வரும் வண்டியையும் காணாமல் நடந்து செல்வோர் எல்லா ஊர் வீதிகளிலும் உண்டு. விளக்கு வைக்கும் நேரத்தில் ஒரு வீட்டுக் கூடத்தை நோக்கினால் நிலைமை இன்னும் தெளிவாகும். தகப்பனார் பங்குச் சந்தை நிலவரத்தையும், தாயார் ஏதோ ஒரு சமையல் குறிப்பையும், மகன் விளையாட்டையும், மகள் தோழியர் அனுப்பிய படங்களையும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஊஞ்சலில் அமர்ந்திருக்கும் பாட்டியார், "நாளைக்குத் திருவோணமாயிற்றே, கோயிலுக்கு யார் வருகிறீர்கள்?" என்று கேட்கிறார். "ம்" என்ற ஒலி மட்டும் எங்கிருந்தோ வருகிறது. இரண்டாம் முறையும் கேட்கிறார். மூன்றாம் முறை கேட்பதில்லை. சில மாதங்களில் அவர் கைக்கும் ஒரு கைப்பேசி வந்து சேர்கிறது. பிறகு அவரும் எதையும் கேட்பதில்லை.

இவ்வீட்டில் ஒருவரும் தகாத எதையும் பார்க்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. இணையத்தின் தீமை என்றவுடன் ஆபாசமும் மோசடியும் பொய்ச் செய்தியுமே நினைவுக்கு வருகின்றன. அவை தீமைகளே, அவற்றைத் தீமை என்று அறிவதற்குப் பெரிய விசாரம் வேண்டியதில்லை. நல்லவற்றையே பார்த்துக்கொண்டிருந்தும் ஒரு வீடு இப்படி ஊமையாகிவிடுகிறதே, அதுதான் ஆராயத்தக்கது.

அதற்குமுன் நியாயத்திற்காக இணையத்தின் நன்மையைச் சொல்லிவிட வேண்டும். 1969-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள் கலிபோர்னியாவில் இரு கணிப்பொறிகளுக்கிடையே முதற்செய்தி அனுப்பப்பட்டபோது, இரண்டு எழுத்துக்கள் சென்றவுடனேயே தொடர்பு அற்றுப்போயிற்று. அத்தனை எளிய தொடக்கம். 1989-இல் ஜெனீவாவுக்கு அருகேயுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ என்னும் ஆங்கிலேயர் உலகளாவிய வலையை முன்மொழிந்தார். 1993 ஏப்ரல் 30-ஆம் நாள் அவ்வாய்வுக்கூடம் அதனை எவரிடமும் விலை பெறாமல் உலகுக்கே விட்டுக்கொடுத்தது. தானங்களுள் இது சிறியதன்று. இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவை 1995 ஆகஸ்டு 15 அன்று தொடங்கப்பெற்றது.

அதன்பின் மூன்றாண்டுகளுக்குள், 1998-ஆம் ஆண்டுப் பொங்கலை ஒட்டி, ஸ்விட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கல்யாணசுந்தரம் அவர்களின் முயற்சியால் மதுரைத் திட்டம் உருவாயிற்று. பல நாடுகளில் சிதறிக்கிடந்த தமிழன்பர்கள், ஊதியம் எதிர்பாராமல், பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்தும் பிழை திருத்தியும் இணையத்தில் ஏற்றினார்கள். நாலாயிரத் திவ்யப் பிரபந்தமும் அவற்றுள் ஒன்று. முன்னாளில் ஒரு நல்ல பதிப்புக்காகப் புத்தகக் கடை புத்தகக் கடையாக அலைந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். 2020 மார்ச்சு இறுதியில் நாடு முழுவதும் ஊரடங்கு வந்து, திருக்கோயில்கள் பக்தர்களுக்குக் கதவடைத்த மாதங்களில், பல ஸந்நிதிகளின் திருவாராதனமும் உத்ஸவமும் வீட்டிலிருந்தோருக்குத் திரையில் ஸேவையாயின. படுக்கையோடு இருக்கும் முதியவர், கடல் கடந்து வாழும் பிள்ளையின் முகத்தை நாள்தோறும் காண்கிறார். கண் பார்வை இழந்தவருக்கு எழுத்தைக் குரலாக்கிப் படித்துக் காட்டும் கருவி கிடைத்திருக்கிறது. இவையெல்லாம் வேண்டாம் என்று சொல்பவன் பிறர் துன்பம் அறியாதவன்.

இத்தனை நன்மையுடைய ஒன்று நோயாகவும் ஆகலாம் என்பதை உலகம் ஒப்புக்கொண்ட விதம் சற்று விநோதமானது. 1995-இல் நியூயார்க்கைச் சேர்ந்த மனநல மருத்துவர் ஐவன் கோல்டுபர்க், எதற்கெடுத்தாலும் ஒரு நோய்ப் பெயர் சூட்டும் தம் துறையினரின் வழக்கத்தைக் கேலி செய்யும் பொருட்டு, 'இணைய அடிமைக் கோளாறு' என்று ஒரு நோயைக் கற்பித்து அதற்கு இலக்கணமும் எழுதி வைத்தார். வேடிக்கைக்காக எழுதியதைப் பலர் தமக்கு உள்ள நோயாகவே எடுத்துக்கொண்டார்கள். அடுத்த ஆண்டிலேயே கிம்பர்லி யங் என்னும் அமெரிக்க உளவியலறிஞர் இது வேடிக்கையன்று, மெய்யே என்று ஆய்வுரை வழங்கினார். பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் மனநல நிலையம் 2014-இல் இதற்கெனத் தனிச் சிகிச்சைப் பிரிவு ஒன்றைத் திறந்தது. 2019 மே மாதத்தில் உலக சுகாதாரப் பேரவை ஏற்றுக்கொண்ட நோய் வகைப்பாட்டில், கணிப்பொறி விளையாட்டுக்கு அடிமையாதல் ஒரு நோயாக இடம்பெற்றது. அவ்வகைப்பாடு 2022 ஜனவரி முதல் நாளன்று நடைமுறைக்கு வந்தது.

அதில் கூறப்படும் அடையாளங்கள் நோக்கத்தக்கவை. தொடங்குவதும் நிறுத்துவதும் தன் வசத்தில் இல்லாமை. மற்ற கடமைகளையும் விருப்பங்களையும் அது பின்னுக்குத் தள்ளுதல். கேடு விளைவது தெரிந்தும் தொடர்தல். இந்நிலை பொதுவாகப் பன்னிரண்டு மாதம் நீடித்திருக்க வேண்டும். எத்தனை மணி நேரம் என்ற கணக்கு அங்கே கேட்கப்படவில்லை. நாள் முழுதும் கணிப்பொறி முன் அமர்ந்து தொழில் செய்பவன் அடிமையாகாமலும் இருக்கலாம். அன்றியும் அவ்வகைப்பாடு விளையாட்டைப் பற்றியே பேசுகிறது. இணையம் முழுவதையும் நோய்க்களம் என்று சொல்லவில்லை. பிள்ளை அரைமணி கைப்பேசி பார்த்தான் என்றவுடன் அவனுக்கு நோய்ப் பெயர் சூட்டும் பெற்றோர் இதனை மனத்திற்கொள்வது நலம். மேலே சொன்ன கூடத்தில் நோயாளி எவரும் இல்லை. அங்கே நேர்ந்திருப்பது நோயைவிட மெல்லியது; மெல்லியதாதலால் பரவலானது.

அது நேர்ந்த விதம் என்ன? அமெரிக்க உளவியலறிஞர் ஸ்கின்னர் புறாக்களை வைத்துப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். ஒரு பொத்தானைக் கொத்தினால் தானியம் விழும். கொத்துந்தோறும் தவறாமல் விழுமானால் புறா பசித்தபோது கொத்தும், வயிறு நிறைந்தபின் போய்விடும். எப்போது விழும் என்று தெரியாதபடி, ஒரு சமயம் மூன்றாம் கொத்திலும் மற்றொரு சமயம் முப்பதாம் கொத்திலும் விழுமானால், அது ஓயாது கொத்திக்கொண்டே இருக்கும். தானியம் விழுவதையே நிறுத்திவிட்டாலும் நெடுநேரம் விடாது. பின்னர் ஸ்விட்சர்லாந்தில் வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்பவர் குரங்குகளின் மூளையில் டோபமீன் சுரக்கும் நரம்புகளைக் கவனித்தார். பழச்சாறு நாவில் பட்டபோது முதலில் அந்நரம்புகள் துடித்தன. சாறு வரப்போகிறது என்பதை ஒரு விளக்கொளி முன்னறிவிக்குமாறு பழக்கியபின், துடிப்பு விளக்கொளிக்கே இடம் மாறிவிட்டது. எதிர்பார்த்தபடி சாறு வந்தபோது நரம்பு சும்மா இருந்தது. கிடைத்ததில் இருந்த கிளர்ச்சி, கிடைக்கப்போகிறது என்ற குறிப்பிலேயே போய் ஒட்டிக்கொண்டது என்று இதனைக் கொள்ளலாம். மணியொலி கேட்டவுடன் கை கைப்பேசியைத் தேடுவதும், எடுத்துப் பார்த்தபின் ஏமாற்றம் மிஞ்சுவதும், மறுபடியும் மணியொலிக்கு அதே வேகத்தில் கை ஓடுவதும் இதனால் ஒருவாறு விளங்கும்.

இவ்வளவும் உயிரின் இயற்கை. செயற்கையாகச் சேர்க்கப்பட்டது ஒன்று உண்டு. முன்பெல்லாம் இணையத்தில் ஒரு பக்கம் படித்து முடிந்ததும், அடுத்த பக்கத்துக்குச் செல்ல ஒரு பொத்தானை அழுத்த வேண்டியிருந்தது. அந்த ஒரு கணத்தில், போதுமா, இன்னும் வேண்டுமா என்ற கேள்வி எழ இடம் இருந்தது. 2006-இல் ஏஸா ரஸ்கின் என்னும் அமெரிக்க வடிவமைப்பாளர் அப்பொத்தான் இல்லாமலேயே பக்கம் கீழே கீழே தானாக வளரும்படி ஒரு முறையை அமைத்தார். படிப்பவருக்கு வசதி என்பதே அவர் கருத்து. பிற்காலத்தில், தாம் செய்தது மக்களின் காலத்தைக் கொள்ளை கொண்டுவிட்டது என்று அவரே வெளிப்படையாக வருந்தினார். வசதிக்காகச் செய்த ஒன்றில் நீங்கிப்போனது முடிவு என்பது.

முடிவின் அருமை திருக்கோயில் வழக்கங்களை அறிந்தோருக்கு எளிதில் புலப்படும். அத்யயன உத்ஸவத்துக்குச் சாற்றுமுறை உண்டு. பிரம்மோத்ஸவத்துக்குக் கொடியேற்றம் உள்ளதுபோல் கொடியிறக்கமும் உண்டு. எம்பெருமானின் ஸேவைக்கே திருக்காப்பிடும் நேரம் ஒன்று வகுக்கப்பட்டிருக்கிறது. அடியார்களுக்கு எவ்வளவு கண்டாலும் போதாத திருமேனியே யானாலும், இரவில் கதவு சாத்தப்படுகிறது. காண வந்தவன் வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகுட்டிகளைப் பார்க்க வேண்டியிருக்கிறது. நூலுக்குக் கடைசி ஏடு உண்டு. நாளிதழுக்குக் கடைசிப் பக்கம் உண்டு. கூத்துக்கு மங்களம் உண்டு. இவ்வாறு பொருளே தன் எல்லையைச் சொல்லிவிடுமானால், மனிதன் தன் மனவுறுதியைச் செலவழிக்க வேண்டியதில்லை. எல்லையற்ற பொருளின் முன் அவனே ஒவ்வொரு கணமும் எல்லை வகுக்க வேண்டும். அதையும் எப்போது? நாளெல்லாம் உழைத்துக் களைத்து, மனவுறுதி வற்றிப்போன இரவு பத்து மணிக்கு.

ஆகவே குற்றம் யாருடையது என்ற கேள்வி எழுகிறது. மனக்கட்டுப்பாடு இல்லாதவனுடைய குற்றம் என்று ஒரு சாரார் சொல்வர். ஒருவனது கவனத்தையே சரக்காக்கி, அவன் எத்தனை நிமிஷம் தங்குகிறானோ அத்தனைக்கத்தனை விளம்பரத்தால் பொருளீட்டும் நிறுவனங்களின் குற்றம் என்று மற்றொரு சாரார் சொல்வர். இரண்டாவது கூற்றில் வலு அதிகம் என்றே தோன்றும். ஒரு புறம் கல்வியிற் சிறந்த பொறியாளர் ஆயிரக்கணக்கானோர், மறுபுறம் பத்தாம் வகுப்புச் சிறுவன் ஒருவன். இது சமமான போர் அன்று. எனினும் அந்தச் சிறுவனை நோக்கி, 'உன் குற்றம் ஒன்றுமில்லை, நீ வெறும் புறா' என்று சொல்வதும் அவனுக்குச் செய்யும் உபகாரம் ஆகாது. புறா தன் நிலையைக் குறித்து வெட்கப்படுவதில்லை. நள்ளிரவில் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு, 'இன்றும் இப்படிப் போயிற்றே' என்று ஒருவன் நொந்துகொள்கிறான் அல்லவா? அந்த நோவு இருக்கும்வரை அவன் புறா அல்லன். அதனைக் குற்றவுணர்ச்சியாக வளர்ப்பது வீண்; அதுவும் கிளறிவிட்ட துயரத்தை மறக்க மறுபடி திரையிடமே செல்வான்.

அரசுகள் கதவடைத்துப் பார்த்தன. தென்கொரியா 2011-இல் ஒரு சட்டம் செய்து, பதினாறு வயதுக்குட்பட்டோர் நள்ளிரவு முதல் காலை ஆறு மணிவரை இணைய விளையாட்டில் ஈடுபடக் கூடாது என்று தடுத்தது. பிள்ளைகளுள் சிலர் பெற்றோர் பெயரில் நுழைந்தார்கள். கணிப்பொறி விளையாட்டை நோக்கி எழுதப்பட்ட அச்சட்டம் கைப்பேசி விளையாட்டைத் தொடவில்லை; பிள்ளைகளோ கைப்பேசிக்கு மாறிவிட்டார்கள். பத்தாண்டு கழித்துத் தென்கொரியா அதனைக் கைவிட்டது. 2022 தொடக்கத்தோடு அது மறைந்தது. சீனம் 2021-இல் இன்னும் கடுமையாக, பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கு வெள்ளி, சனி, ஞாயிறு மற்றும் விடுமுறை நாட்களில் இரவு எட்டு முதல் ஒன்பது வரை மட்டுமே என்று வரையறுத்தது. ஆஸ்திரேலியா 2024-இல் இயற்றி 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைப்படுத்திய சட்டம், பதினாறு வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருப்பதையே தடுக்கிறது. இந்தியா 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்தது. கடைசியாகச் சொன்னது சூதைப் பற்றியது. அதில் இரண்டாம் பேச்சுக்கு இடமில்லை. மற்றவை வேண்டாம் என்பதற்கில்லை. தெருவில் பள்ளம் இருந்தால் வேலி போடத்தான் வேண்டும். ஆனால் வேலிக்கு இந்தப் பக்கம் அப்பிள்ளைக்கு என்ன இருக்கிறது என்பதைச் சட்டம் கேட்பதில்லை.

அதைக் கேட்டவர் கனடாவைச் சேர்ந்த புரூஸ் அலெக்ஸாண்டர். 1970-களின் பிற்பகுதியில் அவரும் அவருடன் ஆய்ந்தவர்களும், எலிகளுக்கு மயக்க மருந்து கலந்த நீரையும் நல்ல நீரையும் வைத்துப் பார்த்தார்கள். தனிக் கூண்டில் அடைபட்ட எலி மயக்க நீரை மிகுதியாகக் குடித்தது. விசாலமான இடத்தில், ஓடியாடப் பொருள்களோடும் துணை எலிகளோடும் விடப்பட்ட எலிகள் அதனைக் குறைவாகவே நாடின. பின்னர் மற்றவர் செய்த சோதனைகள் யாவும் இதே முடிவைத் தரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எலியை வைத்து மனிதனை முழுதும் அளந்துவிட முடியாது. ஆயினும் அக்கேள்வி சரியான கேள்வி. பற்று ஏன் உண்டாயிற்று என்று கேட்பதற்குமுன், வேறு எங்கும் பற்றிக்கொள்ள இடமில்லாமற் போயிற்றா என்று கேட்பது. வில்லியிடம் காரணம் கேட்ட ஆசார்யரின் கேள்வியும் இவ்வகைப்பட்டதே.

இங்கே ஓர் ஐயம் எழலாம். அதிலும் பக்தர்களிடையே எழுவது இயல்பு. உயர்ந்த பொருளைக் காட்டினால் போதும் என்றால், கைப்பேசியிலேயே உயர்ந்த பொருள் இருக்கிறதே? உபந்யாஸம் கேட்கலாம், திவ்யதேசங்களைக் காணலாம், பாசுரங்களைச் செவிமடுக்கலாம். பெருமாளையே பார்த்துக்கொண்டிருப்பவன் எத்தனை மணி நேரம் பார்த்தால்தான் என்ன?

இவ்வையத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. நடக்க முடியாத முதியவருக்கு அத்திரையே கோபுர வாசல். அவர்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. காலும் கையும் நன்றாக உள்ள ஒருவரின் காலைப் பொழுதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஓர் உபந்யாஸம் தொடங்குகிறார். பத்தாம் நிமிஷத்தில் அது சற்றே சலிக்கிறது, பக்கத்தில் வேறொருவருடையது தெரிகிறது, அதற்குச் செல்கிறார். இடையே ஒரு கருட ஸேவை; அதன்பின் ஒரு மலைக்கோயில்; அதன்பின் புளியோதரை செய்யும் விதம். வாட்ஸ்அப்பில் வந்து குவிந்த பெருமாள் படங்களைத் தாம் ஒருமுறையும் நின்று ஸேவிக்காமலேயே மற்றவருக்கு அனுப்பிவைக்கிறார். பத்தரை மணி ஆகிவிடுகிறது. பார்த்தவை யாவும் நல்லவை. பார்த்த விதம் மட்டும் புறாவின் விதம்.

ஆசார்யன் முன் அமர்ந்து காலக்ஷேபம் கேட்பவன் சலித்தவுடன் எழுந்து போக முடியாது. சலிப்பைப் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அந்தச் சலிப்பைக் கடந்த பிறகுதான் பல சமயம் பொருள் விளங்குகிறது. முதல் வாரத்தில் வறட்சியாக இருந்த வாக்கியம் மூன்றாம் மாதத்தில் கண்ணீர் வரவழைக்கிறது. விரலால் தள்ளிவிடக்கூடிய எதனிடமும் இது நிகழ்வது அரிது. மேலும் தாஸரின் பற்று பெருமாளின் கண்களைக் கண்டதோடு முடிந்துவிடவில்லை. அது அவரைத் தொண்டில் இறக்கிற்று. பார்த்தது கைகால்களை வேலைக்கு அனுப்பிற்றா, அல்லது நாற்காலியிலேயே இன்னும் ஆழமாக அமர்த்திற்றா என்று கேட்டால், பொருளைவிடப் பழக்கத்தின் தன்மை தெரிந்துவிடும்.

உத்ஸவக் காலங்களில் இது கண்கூடாகவே தெரிகிறது. திரை விலகித் தீபாராதனை ஆகும் அந்தச் சில கணங்களில், கூப்ப வேண்டிய கைகள் கைப்பேசியை உயர்த்திப் பிடித்திருக்கின்றன. பத்தடி தூரத்தில் எம்பெருமான் எழுந்தருளியிருக்க, அவனைத் திரையில் பார்த்து, அப்படம் சரியாக விழுந்ததா என்ற கவலையோடு வெளியே வருகிறார்கள். 2022 டிசம்பரில், திருச்செந்தூர்த் திருக்கோயில் தொடர்பான ஒரு வழக்கில், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழகக் கோயில்களுக்குள் கைப்பேசியைத் தடை செய்யுமாறு அறநிலையத் துறைக்கு உத்தரவிட்டது. இதுவும் தடையே. ஆனால் தென்கொரியச் சட்டத்துக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. அங்கே விளையாட்டை நிறுத்திவிட்டு இருட்டறையில் படுக்கச் சொன்னார்கள். இங்கே வாசலில் கைப்பேசியை வாங்கி வைத்துக்கொண்டு உள்ளே போகச் சொல்கிறார்கள். உள்ளே ஒருவன் காத்திருக்கிறான்.

கோயிலுக்கு வெளியே, வீட்டுக் கூடத்தில், அவ்வாறு காத்திருப்பது எது? பாட்டியாரின் கேள்வி காத்திருக்கிறது என்று சொல்லலாம். ஆனால் தனியொருவன் தன் திரையை அணைத்துவிட்டுத் தலை நிமிர்ந்தால், மற்ற மூவரும் குனிந்தபடியே இருக்கிறார்கள், பேச ஆளில்லை. சிறிது நேரத்தில் அவனும் குனிந்துவிடுகிறான். கட்டுப்பாடு ஒருவனுடைய வீரத்தால் மட்டும் நிற்பதில்லை. ஏகாதசி உபவாஸம் இத்தனை நூற்றாண்டுகள் நின்றதற்குக் காரணம், அந்நாளில் வீடு முழுவதும், தெரு முழுவதும், அடுப்பே அடங்கியிருந்தது என்பதுதான். பட்டினி கிடப்பவன் எதிரில் இலை போட்டுப் பரிமாறிக்கொண்டிருந்தால் எத்தனை பேர் உபவாஸம் இருந்திருப்பார்கள்?

மஹாராஷ்டிரத்தில், ஸாங்லி மாவட்டத்தில், மோஹித்யாஞ்சே வட்காவ் என்று ஒரு சிற்றூர் உண்டு. மக்கள் தொகை மூவாயிரத்துச் சொச்சம். தொற்றுக் காலத்தில் பாடங்கள் கைப்பேசி வழியே நடந்தன. பள்ளிகள் திறந்த பிறகு, பிள்ளைகள் எழுதவும் படிக்கவும் சோம்பி, பள்ளிக்கு முன்னும் பின்னும் கைப்பேசியிலேயே மூழ்கியிருப்பதை ஆசிரியர்கள் கண்டு முறையிட்டார்கள். ஊரார் பிள்ளைகளை மட்டும் அடக்கப் பார்க்கவில்லை. ஊர்த்தலைவரின் யோசனைப்படி பெண்டிரைக் கூட்டிப் பேசினார்கள். 2022-ஆம் ஆண்டு சுதந்திர தினத்தை ஒட்டி ஓர் ஏற்பாடு தொடங்கிற்று. மாலை ஏழு மணிக்கு ஊர்க் கோயிலிலிருந்து சங்கு ஒலிக்கும். ஆலைச் சங்கு போன்ற மின்சாரச் சங்குதான். அவ்வொலி கேட்டதும் பெரியவர் சிறியவர் என்ற வேறுபாடின்றி எல்லோரும் கைப்பேசியையும் தொலைக்காட்சியையும் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கி வைக்க வேண்டும். தொடக்கத்தில் சிலர் கேலி பேசினார்கள். அங்கன்வாடிப் பணியாளரும் ஓய்வுபெற்ற ஆசிரியரும் வீடு வீடாகச் சென்று சொல்லி வந்தார்கள். அந்நேரத்தில் பிள்ளைகள் படித்தார்கள். பெரியவர்கள் ஒருவரோடொருவர் பேசினார்கள். தண்டம் விதித்து நடத்திய காரியமன்று. ஊர் முழுவதும் ஒரே சமயத்தில் தலை நிமிர்ந்ததே அதன் பலம்.

தாஸர் பொன்னாச்சியாரைத் துறந்துவிடவில்லை என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். இருவருமே திருவரங்கத்தில் எம்பெருமானாருக்கு அணுக்கத் தொண்டராயினர். ஞானத்தில் அவ்வம்மையார் கணவருக்குக் குறைந்தவர் அல்லர் என்பது பெரியோர் கொள்கை. முன்னர்ப் பற்றிய பொருள் எறியப்படவில்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது.

வட்காவ் கிராமத்திலும் எட்டரை மணிக்கு மறுபடியும் சங்கு ஒலித்தது. கைப்பேசிகள் மீண்டும் கைக்கு வந்தன. வெளியூரிலிருந்து மகன் அழைத்தான். சந்தை நிலவரம் பார்த்தார்கள். யாரோ ஒருவர் பாட்டுக் கேட்டார்.